ஏற ஏறக் குறையும் ஃப்யூயல் பிரஷர்: பம்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறேன். ஆர்.வி-9ஏ கிட் வாங்கி நானே கட்டிய விமானம். 160 குதிரைத்திறன் லைகமிங் ஓ-320, கார்புரேட்டர் மாடல். 140 மணி நேரம் பறந்திருக்கிறது. எங்கள் ஓடுபாதை 1,500 அடி உயரம். அங்கே ஃப்யூயல் பிரஷர் 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அழுத்தம்) காட்டுகிறது. 7,500 அடிக்கு ஏறுவதற்குள் 2-க்கு வந்துவிடுகிறது. அதே உயரத்தில் அரை மணி நேரம் போனால் 0.7, அலாரம் அடிக்கிறது. எலெக்ட்ரிக் பம்பைப் போட்டால் கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்குகிறது. என்ஜின் ஒரு பிசிறும் இல்லாமல் ஓடுகிறது. கீழே வந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஃபில்டர் மாற்றிப் பார்த்தாயிற்று. கையேட்டில் குறைந்தபட்சம் 0.5 என்றுதானே இருக்கிறது, இப்படியே பறக்கலாமா? என்ஜின் பம்பை மாற்றிவிடட்டுமா சார்?

பதில்: பறக்க வேண்டாம். பம்பையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

நீங்கள் சொல்லும் 0.5 சரியான எண்தான். கார்புரேட்டர் வைத்த ஓ-320-க்கு லைகமிங் கொடுத்திருப்பது குறைந்தது 0.5, விரும்பத்தக்கது 3, அதிகபட்சம் 8 பி.எஸ்.ஐ. ஆனால் அது என்ஜின் தாங்கும் எல்லை. தாழ்ந்த இறக்கை விமானத்தில் டேங்க் என்ஜினுக்குக் கீழே இருப்பதால் பெட்ரோலைப் பம்ப்தான் மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். 5-ல் இருக்க வேண்டியது ஒவ்வொரு பறப்பிலும் 0.7 வரை வழுக்கிக்கொண்டு வருகிறது என்றால், அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. என்ஜின் சீராக ஓடுவதையும் ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிதவை மட்டத்துக்குப் பெட்ரோல் இருக்கிற வரை பின்னால் அழுத்தம் 5-ஆ, 1-ஆ என்பது என்ஜினுக்குத் தெரியவே தெரியாது. வரத்து செலவை விடக் குறைந்தால் கிண்ணம் காலியாகும், என்ஜின் அடங்கும். நடுவில் எச்சரிக்கை என்று பெரிதாக எதுவும் இருக்காது.

சரி, உங்கள் எண்களுக்கு வருவோம். ஏறும்போது 5 இருந்தது 2 ஆகிறது, 3 பி.எஸ்.ஐ. குறைவு. 1,500 அடியில் காற்றழுத்தம் சுமார் 13.9 பி.எஸ்.ஐ., 7,500 அடியில் சுமார் 11.1. வித்தியாசம் 2.8. இந்த இரண்டு எண்களும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் பார்த்ததும் எனக்கு முதல் சந்தேகம் சென்சார் மேல்தான் வந்தது.

காரணம் இதுதான். நாம் வைக்கிற பிரஷர் சென்சாருக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. ஒரு பக்கம் பெட்ரோல் அழுத்தும், மறு பக்கம் வெளிக்காற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது காட்டுகிறது. வெளிக்காற்று போய்வர ஒரு பொடித் துளை உண்டு. சில ரகங்களில் ஒயர் வழியாகவே காற்று போகும். எண்ணெயும் தூசியும் படியக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் அந்த இடத்தில் சிலிகான் பசை தடவியோ, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டோ மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையிலேயே மூடி வரும் ரகமும் உண்டு. மூடிவிட்டால் தகட்டின் பின்னால் தரைமட்டக் காற்று சிறைப்பட்டுக்கொள்கிறது. நீங்கள் மேலே ஏற ஏற அது தகட்டை எதிர்ப்பக்கம் தள்ளும். பெட்ரோல் அழுத்தம் கொஞ்சம்கூட மாறாமலே மீட்டர் 2.8 குறைத்துச் சொல்லும். இறங்கினால் தானாகச் சரியாகும்.

ஆனால் இதோடு கதை முடியவில்லை. 7,500 அடியில் மட்டமாகப் பறக்கும்போது 2 இருந்தது 0.7 ஆவதற்கு இந்த விளக்கம் உதவாது, உயரம்தான் மாறவில்லையே. அதனால் ஒன்றோடொன்று கலந்த இரண்டு கோளாறாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு தேடுங்கள்.

முதல் வேலைக்கு ஸ்பானர் தேவையில்லை. உங்கள் டிஜிட்டல் டிஸ்ப்ளே ஒவ்வொரு பறப்பையும் பதிவு செய்து வைத்திருக்கும். அந்த லாக் ஃபைலை எடுத்து ஃப்யூயல் பிரஷர், உயரம், ஃப்யூயல் ஃப்ளோ மூன்றையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். பிரஷர் கோடு உயரக் கோட்டின் தலைகீழ் நிழலாக நடந்தால் சென்சார். உயரத்தைப் பொருட்படுத்தாமல் நேரம் போகப் போகச் சரிந்தால் சூடு அல்லது காற்று. ஃப்யூயல் ஃப்ளோ கோடு மட்டமாக இல்லாமல் பல் பல்லாகத் துள்ளினால், குழாயில் குமிழி ஓடுகிறது என்று அர்த்தம். ஃப்ளோ மீட்டரின் சின்னச் சக்கரம் குமிழி வரும்போது தாறுமாறாகச் சுற்றும். பழைய பறப்புகளின் பதிவுகளையும் பாருங்கள். இது எந்தத் தேதியில் ஆரம்பித்தது, அதற்கு முன் கடைசியாக எதைக் கழற்றினீர்கள் என்பது பாதி நோயைச் சொல்லிவிடும். முக்கியமாக, ஃபில்டரை மாற்றிய பிறகு சரிவு அதிகமானதா? இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து சென்சார். என்ஜினை நிறுத்தி, எலெக்ட்ரிக் பம்பை மட்டும் ஓடவிட்டு, லேண்டிங் லைட், ஸ்ட்ரோப் எல்லாவற்றையும் போட்டு அணைத்துப் பாருங்கள். பிரஷர் எண் கூடவே ஆடினால் எர்த் இணைப்பு சரியில்லை. மூன்று ஒயர் சென்சார் என்றால் 5 வோல்ட் கொடுத்தால் பூஜ்ய அழுத்தத்தில் 0.5 வோல்ட் திரும்பி வர வேண்டும். பிறகு சென்சார் இருக்கிற இடத்தில் T வடிவ இணைப்பு போட்டு, 0 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை காட்டும் சாதாரண முள் மீட்டர் ஒன்றை மாட்டி, தரையில் என்ஜினை ஓட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள். மீட்டரைக் காக்பிட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம்; பெட்ரோல் குழாய் உள்ளே வரவே கூடாது. இந்தச் சோதனை மூடிய துளையைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் கோளாறே உயரத்தில்தான் வெளிப்படும். அதற்கு ஒரு வழி, நீங்கள் அரிசோனாவில் இருப்பதால் சுலபம்: சென்சாரைக் கழற்றி, வாய் திறந்தபடி, 5 வோல்ட் சப்ளையும் மல்டிமீட்டருமாகக் காரில் ஃப்ளாக்ஸ்டாஃபுக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே உயரம் ஏறக்குறைய 7,000 அடி. நல்ல சென்சார் இரண்டு ஊரிலும் அதே 0.5 வோல்ட் காட்டும். மேலே போனதும் குறைந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். குறையவில்லை என்றால் முழு விடுதலை கொடுத்துவிடாதீர்கள். மெதுவாகக் கசியும் துளையாக இருந்தால் மலைப்பாதையின் இரண்டு மணி நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் சமமாகியிருக்கலாம். புது சென்சாரின் விலை பம்பைவிட மிகக் குறைவு என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி பெட்ரோல் வரும் பாதை. இங்கே பலரும் முதலில் கை நீட்டுவது டேங்குக்குக் காற்று போய்வரும் வென்ட் பக்கம். ஆர்.வி-யில் இரண்டு டேங்குக்கும் தனித்தனி வென்ட் குழாய், வயிற்றுப் பக்கம் வலை போட்டு முடிகிறது. மண்குளவி கூடு கட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. கட்டாயம் பாருங்கள். ஆனால் உங்கள் அறிகுறி அதற்குப் பொருந்தவில்லை. வென்ட் அடைத்திருந்தால் ஏறும்போது டேங்குக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட அழுத்தமாக இருக்கும், அது பெட்ரோலைத் தள்ளவே செய்யும். இறங்கும்போதுதான் நிலைமை மோசமாகும். உங்களுக்கோ இறங்கினால் சரியாகிறது. ஃபில்டர் அல்லது டேங்க் வாய் வலை அடைப்பும் அப்படித்தான். அடைப்பு என்றால் முழு த்ராட்டிலில் ஏறும்போது பிரஷர் அடிவாங்கி, மட்டமாகப் பறக்கும்போது செலவு பாதியாகக் குறைவதால் மீண்டு வர வேண்டும். உங்களுடையது மட்டப் பறப்பில்தான் இன்னும் விழுகிறது.

இருந்தாலும் ஃப்ளோ டெஸ்ட் ஒன்றைச் செய்யாமல் விடாதீர்கள். டேங்க் ஒட்டும்போது தடவிய சீலன்ட் துணுக்குகள் பல மணி நேரம் கழித்தும் உதிர்ந்து வரும். 160 குதிரைத்திறனுக்கு முழு வேகத்தில் மணிக்கு சுமார் 14.7 கேலன் தேவை. பம்ப் வைத்த அமைப்பு அதில் 125 சதவீதம் கொடுக்க வேண்டும் என்பது 2017 வரை அமெரிக்க விமான விதிகளில் இருந்த அளவு, கிட்டத்தட்ட 18.4 கேலன், அதாவது ஒரு நிமிடத்துக்கு 1.16 லிட்டர். வெட்டவெளியில், தீயணைப்பான் பக்கத்தில், விமானத்தையும் உலோக டப்பாவையும் எர்த் ஒயரால் இணைத்து, மூக்கை ஏறுகோணத்துக்குத் தூக்கி வைத்து, டேங்கில் குறைந்தபட்சப் பெட்ரோலோடு, கார்புரேட்டர் வாயில் குழாயைக் கழற்றி எலெக்ட்ரிக் பம்பால் மட்டும் அளந்து பாருங்கள். இரண்டு டேங்கும் தனித்தனியாக. ஒரு லிட்டர் பிடிக்க 52 வினாடிக்கு மேல் ஆனால் எங்கோ அடைப்பு.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட வரி: எலெக்ட்ரிக் பம்பைப் போட்டாலும் மறுபடி இறங்குகிறது. ஃபயர்வாலுக்கு (என்ஜினையும் காக்பிட்டையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்) முன்னால், என்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது என்று மட்டும் இருந்தால், பின்னாலிருந்து எலெக்ட்ரிக் பம்ப் தள்ளுவது அதைச் சரி செய்துவிட வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் சுலபமாக ஆவியாகாது. என்ஜின் பம்ப் மட்டும் தளர்ந்திருந்தாலும் அப்படியே. இரண்டு பம்பும் சேர்ந்தும் நிற்கவில்லை என்றால், சென்சார் பொய் சொல்கிறது, அல்லது எலெக்ட்ரிக் பம்புக்கும் முன்னாலேயே காற்று உள்ளே வருகிறது.

பம்புக்குப் பிந்தைய குழாய் கசிந்தால் விமானப் பெட்ரோலின் சாயத்தால் நீலக் கறை தெரியும், வாடை வரும். முந்தைய குழாய் கசிந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. கீறல் விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போலத்தான், காற்றும் சேர்ந்து வரும். மேலே போகப் போக அந்தக் குமிழி இன்னும் பெருக்கும். சந்தேகப்பட வேண்டிய இடங்கள் எந்த டேங்க் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் வால்வின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), அதிகமாக முறுக்கி விளிம்பு விரிசல் விட்ட குழாய் முனைகள், அப்புறம் நீங்கள் கழற்றி மாட்டிய அந்த ஃபில்டரின் இரண்டு பக்க இணைப்புகள். ஆர்.வி-யில் ஃபில்டர் பெரும்பாலும் எலெக்ட்ரிக் பம்புக்கு முன்னால்தான் இருக்கும், அதனால்தான் தேதி கேட்டேன். அங்கே டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் உடனே கழற்றுங்கள். அதன் நார் கார்புரேட்டர் வலை வரை பயணம் போகும்.

கண்டுபிடிக்க எளிய வழி, டேங்க் கட்டும்போது செய்த அதே பலூன் வேலை. டேங்கை நிரப்பி, செலக்டரை அந்தப் பக்கம் வைத்து, வென்ட் வாயில் பலூன் மாட்டி மிக மெதுவாகக் காற்று கொடுங்கள். ஒரு பி.எஸ்.ஐ.-யைத் தாண்ட வேண்டாம், டேங்க் உப்பிவிடும். இப்போது உறிஞ்சும் பக்கம் தள்ளும் பக்கமாகிவிட்டது. கசிகிற இணைப்பு தானே ஈரமாகும். டிஷ்யூ காகிதத்தை ஒவ்வொரு நட்டையும் சுற்றி ஒற்றிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதில் நீலமாகத் தெரியும். செலக்டர் கைப்பிடியைத் திருப்பியபடியும் பாருங்கள். ஓ-ரிங் சில நிலைகளில் மட்டும் விடும்.

இதெல்லாம் சுத்தமாக இருந்தால் அப்புறம் என்ஜின் பம்ப். அதற்குக் குளிர்காற்று கொண்டுவரும் குழாய் கழன்றிருக்கிறதா, எக்ஸாஸ்ட் பக்கத்தில் போகும் ஹோஸுக்கு ஃபயர் ஸ்லீவ் (சூடு தாக்காமல் காக்கும் உறை) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அரிசோனா கோடையில் இரண்டும் முக்கியம். பம்பின் வடிகுழாய் முனையில் நீலக் கறை இருந்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கிறது, வேறு விசாரணை வேண்டாம், மாற்றுங்கள். ஆயில் அளக்கும் குச்சியை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் என்ஜினை ஓட்டாதீர்கள், ஆயிலையும் மாற்ற வேண்டியிருக்கும்.

மாற்றுவதானால் ஒரு விஷயத்தில் கவனம்: ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றி, பம்பை இயக்கும் தண்டு முழுக்க உள்ளே போன நிலையில் வைத்துக்கொண்ட பிறகே புதுப் பம்பைப் பொருத்துங்கள். மேக்னெட்டோ சாவி அணைந்திருக்கட்டும், ஆனாலும் ப்ரொப்பெல்லரை உயிருள்ளதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். பம்பின் நெம்புகோல் தண்டுக்கு அடியில் சரியாக உட்காராமல் போல்ட்டை இறுக்கினால் புதுப் பம்பும் ஓடாது. மாட்டியபின் எலெக்ட்ரிக் பம்பை அணைத்துவிட்டு என்ஜினை ஓட்டிப் பிரஷர் வருகிறதா என்று பாருங்கள். முதல் பறப்பை ஓடுபாதைக்கு நேர் மேலே வட்டமடித்தே ஏறுங்கள், தனியாக, எலெக்ட்ரிக் பம்ப் ஆனில். 2,000 அடி ஏறியதும் ஒருமுறை அதை அணைத்து எண்ணைப் பாருங்கள். சரிந்தால் உடனே போட்டுவிட்டு இறங்கி, அந்த லாக் ஃபைலை எனக்கு அனுப்புங்கள்.