தினமும் ஒரு குவார்ட்டர் மட்டும்தான் குடிக்கிறேன். இதனால் மூளை பாதிக்குமா? அளவாகக் குடிப்பது என்றால் எவ்வளவு?

கேள்வி கேட்ட தம்பி, "வேலை முடிந்து ராத்திரி ஒரு குவார்ட்டர், அதற்கு மேல் தொடமாட்டேன், யாரிடமும் வம்பு கிடையாது" என்று விளக்கமும் எழுதியிருக்கிறார். பாதிக்கும், தம்பி. நீங்கள் சொல்வது அளவான குடியும் இல்லை.

குவார்ட்டர் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். 180 மில்லி, 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். பிரிட்டனில் 2016 முதல் டாக்டர்கள் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 14 யூனிட். ஒரு யூனிட் 8 கிராம், ஆக வாரம் முழுவதற்கும் 112 கிராம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதேதான். இரண்டாவது குவார்ட்டர் முடியும்போதே அந்த வரம்பு தாண்டிவிடும். நீங்கள் வாரத்துக்கு ஏழு குடிக்கிறீர்கள். பீருக்கு மாறிவிடலாம் என்று நினைத்தால், 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் அதிலும் 41 கிராம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ 2023 ஜனவரியில், பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே கிடையாது என்று சொல்லிவிட்டது.

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லை. குடித்துவிட்டுச் சத்தம் போடாமல் படுப்பவர், சம்பளத்தை வீட்டில் கொடுப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் அப்பாவும் அப்படித்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்களுக்கு முக்கூடல் பக்கம். அப்பா கொத்தனார், பூச்சு வேலையில் பேர் வாங்கியவர். அம்பாசமுத்திரம், ஆலங்குளம் என்று எங்கிருந்தாலும் அவரைத் தேடி வந்து கூப்பிடுவார்கள். சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு ஒரு குவார்ட்டர். ரோட்டில் விழுந்தது கிடையாது, அம்மாவைக் கை நீட்டியது கிடையாது. ஊரே அவரை உதாரணமாகக் காட்டும்: "குடிச்சா அண்ணாச்சி மாதிரி அளவா குடிக்கணும்ல." எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

ஒரு கார்த்திகை மாதம் சபரிமலைக்கு மாலை போட்டார். அன்றிலிருந்து குடியைச் சுத்தமாக நிறுத்தினார். எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாளே கை நடுங்கியது, தூக்கம் இல்லை. விரதம், பச்சைத் தண்ணீர்க் குளியல், அதனால்தான் என்றார்கள். அடுத்தடுத்த நாளில் ஒரு நடுராத்திரி சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், அப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கரண்டி பிடித்த மாதிரி வலது கை. கலவையை அள்ளி எறிகிறார், இழுத்துத் தேய்க்கிறார், ஒரு கண்ணைச் சுருக்கி மட்டம் பார்க்கிறார். கையில் ஒன்றுமே இல்லை. "ஏலே, கலவை ஏன் இவ்வளவு தண்ணியா இருக்கு, இன்னும் ரெண்டு சட்டி சிமெண்ட் போடுல" என்று இல்லாத கையாளை ஏசுகிறார். விரலெல்லாம் நடுங்குகிறது, ஆனால் தேய்க்கிற அந்த வீச்சு மட்டும் கொஞ்சமும் பிசகவில்லை. வேட்டி வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து "யாரு நீ?" என்றார்.

அத்தை சுடலை மாடன் கோபம் என்றாள். போன கோயில் கொடைக்கு நேர்ந்தது பாக்கி இருந்ததாம். சாமியாடுகிற கோமரத்தாடி வந்து திருநீறு போட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன், "ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போங்க" என்று முதலில் சொன்னதே அவர்தான். பக்கத்து ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் சோர்வு என்று வெறும் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் கால்களை அகட்டி வைத்து, தள்ளாடித் தள்ளாடி நடந்தார். கருவிழி ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது. அப்புறம்தான் கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனோம்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, எவ்வளவு குடிப்பார் என்பதுதான். அம்மா சொன்ன பதில்: "அவுக அளவாத்தான் டாக்டர் குடிப்பாக. ஒரு நாளும் கீழ விழுந்தது கிடையாது." டாக்டர் திரும்பவும் கேட்டார்: "மில்லியில சொல்லுங்கம்மா. எத்தனை வருஷமா?"

அவர் சொன்னதையும் அப்புறம் நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மூளையில் காபா என்ற ரசாயனம் பிரேக் மாதிரி, குளூட்டமேட் ஆக்சிலரேட்டர் மாதிரி. மது பிரேக்கை அழுத்தி ஆக்சிலரேட்டரைத் தளர்த்தும். முதலில் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற, "இதைப் பேசலாமா கூடாதா" என்று யோசிக்கும் பகுதி மந்தமாகும். பிறகு நடையைக் காக்கும் சிறுமூளை, நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ். தினமும் இப்படியே நடந்தால் மூளை ஈடுகட்டப் பழகி, பிரேக்கைக் குறைத்து ஆக்சிலரேட்டரைக் கூட்டி வைத்துக்கொள்ளும். அதனால்தான் பழகியவர் ஒரு குவார்ட்டர் போட்டும் தள்ளாடாமல் நடக்கிறார். "எனக்கு ஒன்றும் பண்ணாது" என்று சொல்கிற நிலை இதுதான், தம்பி. அது பலம் இல்லை, மூளை மாறிவிட்டதற்கு அடையாளம். அந்த நேரத்தில் திடீரென்று நிறுத்தினால் ஆக்சிலரேட்டர் மட்டும் ஓடும். நடுக்கம், வியர்வை, சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு. இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் அடையாளம் தெரியாது. சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம்.

அப்பாவுக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. வைட்டமின் பி1, அதாவது தயமின். குடிப்பவர் குடலில் அது சரியாகச் சேராது. ராத்திரி ஊறுகாயும் மிக்சரும் தின்றுவிட்டுச் சோறு வேண்டாம் என்று படுப்பவருக்கு வரத்தும் குறைவு. உடம்பில் இருக்கிற கையிருப்போ சில வாரங்களுக்குத்தான் வரும். அது தீர்ந்தால் குழப்பம், கண் ஆட்டம், நடைத் தள்ளாட்டம். 1881இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த நோய் இது. அப்படி இருப்பவருக்கு பி1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். திருநெல்வேலியில் முதலில் பி1 ஊசிதான் போட்டார்கள். உயிர் பிழைத்தார். கண்ணும் சரியானது.

நினைவு முழுசாகத் திரும்பவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் இறங்கியது என்று சொல்வார். காலையில் இட்லி சாப்பிட்டது தெரியாது. வாசலைத் தாண்டாத மனிதர், "நேத்துதான் கடையத்துல தளம் போட்டுட்டு வந்தேன், நல்ல மழை" என்று விவரமாகச் சொல்வார். பொய் சொல்கிறார் என்று சொந்தக்காரர்கள் சிரிக்கும்போது எனக்கு வயிறு எரியும். அது பொய் இல்லை. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாகவே கதை வைத்து அடைக்கிறது. இது கோர்சகோவ் என்ற ரஷ்ய மருத்துவர் 1887இல் எழுதிவைத்த நிலை.

இப்போது வீடு அம்மாவின் பீடியில் ஓடுகிறது. அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் பரவாயில்லை. ஆயிரம் பீடிக்கென்று கடையில் கொடுக்கிற இலை ஆயிரத்துக்குக் காணாது. மீதி இலையை அம்மா கைக்காசு போட்டு வாங்குகிறாள். சுற்றிக் கொண்டுபோனால் கழிவு என்று ஒரு கை அள்ளித் தனியே போடுவார்கள். அதற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது. கழிவு என்றால் அதைத் தூக்கியெறிய வேண்டியதுதானே, ஏன் வைத்துக்கொள்கிறார்கள்? குனிந்து குனிந்து கழுத்து தேய்ந்தவளிடம் எடுக்கிற கணக்கு இது. கேட்டால் நாளைக்கு இலை இல்லை என்பார்கள். இதைக் கேட்க ஒரு ஆள் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "என் தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் கள்ளு குடித்தார்" என்று கீழே ஒருவர் எழுதத்தான் செய்வார். ஐயா, கள்ளில் ஆல்கஹால் ஐந்து சதவீதம் போல இருக்கும், நான் பேசுவது 42.8ஐ. அதோடு, உங்கள் தாத்தாவுக்குக் கெட்டது நடக்கவில்லை என்பதால் எங்கள் அப்பாவுக்கு நடந்தது இல்லாமல் போய்விடாது. "தினம் கொஞ்சம் குடித்தால் நல்லது" என்ற பழைய ஆய்வுகள் பலவற்றில், நோய் வந்து குடியை விட்டவர்களையும் குடிக்காதவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள், அதனால் குடிப்பவர் ஆரோக்கியமாகத் தெரிந்தார். 2022இல் பிரிட்டனில் 36,000க்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களை வைத்து வந்த ஆய்வு, 50 வயதுக்காரர் தினம் ஒரு யூனிட்டிலிருந்து இரண்டுக்குப் போனால் மூளையில் தெரியும் வித்தியாசம் இரண்டு வருஷம் கூடுதலாக முதுமை அடைந்ததற்குச் சமம் என்றது. ஒரு குவார்ட்டரில் ஏழரை யூனிட்டுக்கு மேல் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, கடையை மூடு என்று அரசியல் பேசவும் வரவில்லை. குடிக்கிற எல்லோருக்கும் எங்கள் அப்பாவுக்கு வந்தது வரும் என்றும் சொல்லவில்லை. குடியை விட்டால் சுருங்கிய மூளை ஓரளவு தேறும் என்பதும் உண்மை.

ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்துகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். தினமும் குடித்துப் பழகியவர் டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும், நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் முன்கூட்டியே மாத்திரை இருக்கிறது. நம்ம பக்கம் என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. எத்தனை மில்லி, எத்தனை வருஷம் என்று மறைக்காமல் சொல்லுங்கள், பி1 பற்றி நீங்களே கேளுங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416க்குப் போன் போடுங்கள், அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது.