கவர்ல பேரு இல்லாத பேண்டு

அண்ணா வணக்கம். போன மாசம் நீங்க அமெரிக்க கன்ட்ரி (கிராமத்து இசை) பாடகர் ஜானி கேஷ் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தீங்க, அதப் பாத்துட்டு அவரோட 1996 ஆல்பம் 'அன்செயின்ட்' கேட்டேன். பின்னாடி வாசிக்கறது டாம் பெட்டி அண்ட் த ஹார்ட்பிரேக்கர்ஸ்னு அப்பறம்தான் தெரிஞ்சுது. அவ்ளோ பெரிய ராக் பேண்டு, கவர்ல பேரே இல்ல, இது அநியாயம் இல்லையா? என் ஃபிரண்டு வேற, இது கன்ட்ரியே கிடையாது, வயசானவர சின்னப் பசங்களுக்கு விக்க பண்ண வேலைங்கறான். நீங்க என்ன சொல்றீங்க?
– ஒரு வாசகர், ஈரோடு

தம்பி,

எனக்கு இந்த ஆல்பம் கிடைச்சதே ஒரு நண்பர் ரைட் பண்ணி குடுத்த சிடில. மேல மார்க்கர்ல 'கேஷ் 96'ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு, அட்டை கிட்டை ஒண்ணும் இல்ல, அதனால யாரு வாசிக்கறாங்கன்னே தெரியாம கிட்டத்தட்ட ஒரு வருஷம் கேட்டுட்டு இருந்தேன். யாரோ கேஷ் கூட முப்பது வருஷமா ஊர் ஊரா சுத்தற ஆளுங்கன்னு நெனச்சேன். ஹார்ட்பிரேக்கர்ஸ்னு தெரிஞ்சப்ப நம்பவே இல்ல, ஏன்னா அவங்க பாட்டெல்லாம் எனக்கு அத்துப்படி, ஆனா இங்க கண்டுபிடிக்க முடியல. அதான் விஷயமே. பக்கவாத்தியம்னு ஒரு வார்த்தை வெச்சிருக்கோம்ல, அதுக்கு முழு அர்த்தம் எனக்கு இந்த சிடிலதான் புரிஞ்சுது.

கேஷோட பழைய சவுண்டு எப்படின்னா, 1950கள்ல சன் ரெக்கார்ட்ஸ்னு ஒரு கம்பெனிக்கு பாடின காலத்துல மொத்தமே மூணு பேரு. கேஷ், எலக்ட்ரிக் கிட்டார்ல லூதர் பெர்கின்ஸ், பாஸ்ல மார்ஷல் கிராண்ட். டிரம்ஸ் கிடையாது. 1956ல 'ஐ வாக் த லைன்' பண்ணும்போது டிரம் மாதிரி ஒரு சத்தம் வேணும்னு கிட்டார் கம்பிங்க நடுவுல ஒரு பேப்பர சொருகி வாசிச்சாரு, அந்த சரக் சரக்தான் அவரோட கையெழுத்து. இப்ப அந்த பேப்பர் இருந்த எடத்துல ஹார்ட்பிரேக்கர்ஸோட டிரம்மர் ஸ்டீவ் ஃபெரோன் உக்காந்தா என்ன ஆகும்? அவரு இங்கிலாந்துக்காரரு, ஆவரேஜ் வைட் பேண்டுங்கற குழுவுல ஃபங்க்னு ஆட வெக்கற மியூசிக் வாசிச்ச ஆளு, கன்ட்ரிக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தியே இல்ல. 'கன்ட்ரி பாய்' கேளுங்க, அது கேஷோட 1957 பாட்டு, டிரம்ஸ் இல்லாம பண்ணது. இங்க ஃபெரோன் வண்டிய வெரட்டறாரு, ஆனா ஒரு எடத்துலயும் குரலுக்கு முன்னாடி போகல. டாம் பெட்டிய எடுத்துக்கோங்க, அவரு பேருதான் பேண்டு பேருலயே மொதல்ல இருக்கு, அந்த மனுஷன் இங்க சில பாட்டுல பாஸ் தூக்கிட்டு பின்னாடி நின்னுட்டாரு. மட்கிரட்ச்னு அவரோட பழைய பேண்டுல அவரு பாஸ் வாசிச்சவருதான், புதுசு இல்ல, ஆனாலும் எத்தன பேரு அப்படி நிப்பாங்க?

அதனால கவர்ல பேரு இல்லாதது எனக்கு அநியாயமா படல. உள்ள கிரெடிட்ஸ்ல எல்லாம் இருக்கு. கவர்ல பெட்டி பேரு போட்டிருந்தா நாம எல்லாரும் பெட்டியத் தேடிட்டே கேட்டிருப்போம்.

ஃபிரண்டு சொல்றதுக்கு வருவோம். சின்னப் பசங்களப் பிடிக்கற நோக்கம் இல்லவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். புரொடியூசர் ரிக் ரூபின், ராப்பும் மெட்டலும் பண்ண தாடிக்காரரு, அவருக்குத் தெரியாதா. கொலம்பியா ரெக்கார்டு கம்பெனி கேஷ 1986ல வேணாம்னு விட்டுடுச்சு, அதுக்கப்பறம் கொஞ்ச காலம் மெர்க்குரிங்கற கம்பெனி, அங்கயும் பெருசா ஒண்ணும் நடக்கல. 1994ல ரூபின் அவர தனியா ஒரு கிட்டாரோட உக்கார வெச்சு ஒரு ஆல்பம் எடுத்தாரு, அதுக்கு அடுத்ததுதான் இது. சவுண்டுகார்டன்ங்கற ராக் பேண்டோட 'ரஸ்டி கேஜ்' பாட்ட மொதல்ல கேட்டப்ப இது நமக்கு ஆகாதுன்னு கேஷே தயங்கினாரு, ரூபின்தான் வேற மாதிரி ஒரு டெமோ பண்ணிக் காட்டி சம்மதிக்க வெச்சாரு. சரி, கன்ட்ரி இல்லைங்கறானே, 1998ல இதுக்கு குடுத்த கிராமி எதுக்குன்னு அவனக் கேளுங்க, பெஸ்ட் கன்ட்ரி ஆல்பம். அதுவும் கன்ட்ரி ரேடியோ இத கண்டுக்கவே இல்லாதப்ப. அந்தக் கடுப்புலதான் பில்போர்டுங்கற மியூசிக் பத்திரிகைல முழுப் பக்க விளம்பரம் குடுத்தாங்க, 1969ல சான் க்வென்டின் ஜெயில்ல எடுத்த ஃபோட்டோ, கேஷ் நடுவெரலக் காட்டிட்டு நிக்கறாரு, கூடவே கன்ட்ரி இசைத் தொழிலோட தலைநகரான நாஷ்வில்காரங்களுக்கும் கன்ட்ரி ரேடியோவுக்கும் உங்க ஆதரவுக்கு நன்றின்னு. விக்கறதுக்கு அலையறவன் கடைக்காரன இப்படியா திட்டுவான்?

ஆல்பம் முழுக்க தங்கம்னு சொல்லல. 'மெமரீஸ் ஆர் மேட் ஆஃப் திஸ்' எல்லாம் சும்மா ஓடுது, ஸ்கிப் பண்ணிடலாம். 'மீட் மீ இன் ஹெவன்' ஸ்கிப் பண்ணாதீங்க, கேஷோட அண்ணன் ஜாக் 1944ல ரம்பத்துல மாட்டி செத்துப்போனவரு, அவரு கல்லறைல எழுதியிருந்த வார்த்தைதான் அந்தப் பாட்டு.

ஒரு வேலை பண்ணுங்க. 'சதர்ன் ஆக்சென்ட்ஸ்' பாட்ட மொதல்ல பெட்டி 1985ல பாடினதுல கேளுங்க, அப்பறம் இதுல கேளுங்க, மாத்திக் கேக்காதீங்க. அதுல செத்துப்போன அம்மா கனவுல வந்து ஜன்னலோரமா முட்டி போட்டு மகனுக்காக ஜெபம் பண்ற எடம் ஒண்ணு வரும். பெட்டி எழுதினப்ப அவரு அம்மா போய் சில வருஷம் ஆகியிருந்துச்சு. இந்த ஆல்பம் வந்தப்ப கேஷுக்கு அறுபத்து நாலு வயசு, அவரு அம்மாவும் அதுக்குள்ள போயாச்சு. கேஷ் அந்த வரிய பாடல, சொல்றாரு. பின்னாடி பெட்டியோட பேண்டே வாசிக்குது, தன்னோட பாட்டுன்னு யாரும் காட்டிக்கல.