விலை கொடுத்து வாங்கினால் விடுதலை ஆகுமா?

கேள்வி: கூண்டில் அடைத்து விற்கப்படும் சிறு பறவைகளைக் காணப் பொறுக்காமல், ஒவ்வொரு பிறந்த நாளன்றும் சிலவற்றை வாங்கிப் பறக்க விட்டு வருகிறேன். இதனால் அந்த வியாபாரம்தான் வளரும் என்கிறாள் என் மகள். கண்ணெதிரே தவிக்கும் உயிரை அப்படியே விட்டுவிட்டு வருவது நியாயமா?

பதில்: உங்கள் இரக்கத்தில் குறையில்லை, ஆனாலும் உங்கள் மகள் சொல்வதே சரி. வாங்குகிறவர் இரக்கத்தால் வாங்கினாரா, ஆசையால் வாங்கினாரா என்று விற்பவர் பார்ப்பதில்லை. கூண்டு காலியானதும் அதை நிரப்ப வலை மறுபடியும் விரிக்கப்படும். புண்ணியம் கருதிப் பறவைகளை விடுவிக்கும் வழக்கம் உள்ள ஆசிய நாடுகள் சிலவற்றில், அப்படி விடுவிப்பதற்கென்றே காட்டுப் பறவைகளைப் பிடித்து வருகிறார்கள். பிடிக்கும்போதும் நெரிசலான கூண்டுகளில் கொண்டுவரும்போதும் பல இறந்துவிடுகின்றன; எஞ்சியவையும் களைத்துப்போய், இரையும் இருப்பிடமும் தெரியாத இடத்தில் விடப்படுவதால் நெடுநாள் பிழைப்பதில்லை. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பறவையானால் அதன் நிலை இன்னும் மோசம், ஏனெனில் இரை தேடவோ பருந்துக்குத் தப்பவோ அது கற்றதே இல்லை.

ஒரு விலங்கு விற்பனைக்கு வரும்போது நம் கண்ணில் படுவது அந்த ஒன்று மட்டுமே. சிம்பன்சிக் குட்டியைப் பிடிக்க வேண்டுமானால், அதை விட்டுக்கொடுக்காத தாயையும் பெரும்பாலும் கூட்டத்தில் வேறு சிலவற்றையும் கொன்றாக வேண்டும். செல்லப் பிராணியாக விற்கப்படும் தேவாங்கு கடித்துவிடக் கூடாது என்பதற்காக அதன் பற்களை மயக்க மருந்துகூடக் கொடுக்காமல் வெட்டிவிடுகிறார்கள். சீழ் பிடித்து இறந்தவை போக, பிழைத்தவற்றைப் பல்லில்லாமல் காட்டுக்கு அனுப்பவும் முடியாது. விலை கொடுக்கும்போது, மனமறியாமலே இத்தனைக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

எனவே பணப்பையைத் திறப்பதற்கு முன் இடம், நாள், நேரம், எத்தனை உயிர்கள், என்ன இனம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, இயன்றால் படத்துடன், வனவிலங்குத் துறைக்கோ காவல் துறைக்கோ மீட்பு அமைப்புக்கோ புகார் கொடுங்கள். அருகிவரும் இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973-இல் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்திருந்தாலும், யாராவது தகவல் சொன்னால்தான் அந்தச் சட்டம் சந்தைக்குள் வந்து சேர்கிறது. நீங்கள் புகார் கொடுத்த அன்று அந்தப் பறவை கூண்டிலேயே இருக்கக்கூடும். அந்த வேதனையைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: சர்க்கஸில் விலங்குகளைத் தடை செய்தால், ஏற்கெனவே அங்கிருப்பவை எங்கே போகும்? தடையே அவற்றுக்குத் தண்டனையாகிவிடாதா?

பதில்: போக்கிடம் ஏற்பாடு செய்யாமல் தடை மட்டும் விதித்தால் அப்படித்தான் ஆகும். காட்டு விலங்கு, வீட்டு விலங்கு என்ற வேறுபாடின்றி எல்லா விலங்குகளையும் சர்க்கஸில் பயன்படுத்தக் கூடாது என்று பொலிவியா நாடு 2009-இல் சட்டம் இயற்றியது. அத்துடன் வேலை முடிந்துவிடவில்லை. சிங்கங்களைத் தேடிப் பறிமுதல் செய்து, சிகிச்சை அளித்து, 2011-இல் 25 சிங்கங்களை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள காப்பகத்தில் சேர்த்த பிறகுதான் அவற்றுக்கு அந்தச் சட்டத்தால் பயன் கிடைத்தது.

கூண்டு திறக்கும் நாளைத்தான் நாம் படமெடுக்கிறோம், செய்தியாக்குகிறோம். உண்மையான மீட்பு அதற்கு மறுநாள் தொடங்குகிறது. மனிதரிடமிருந்து தொற்றிய காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியே வைத்துக் கண்காணிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சங்கிலியில் நின்ற யானை, சங்கிலி போன பிறகும் நின்ற இடத்திலேயே உடலை அசைத்துக்கொண்டிருப்பதுண்டு. அறுபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் அது. ஆகவே ஒரு யானையை மீட்பவர், தமக்குப் பின்னும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் நிலமும் பணமும் இருக்கும்படி ஏற்பாடு செய்தாக வேண்டும்.

சட்டத்தில் வலுவேற்ற வேண்டியதும் இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து. தண்டனையைக் கூட்டுவது பற்றியே பேசுகிறோம். வழக்கு நடக்கும் காலத்தில் விலங்கு யாரிடம் இருக்கும் என்று கேட்பதில்லை. துன்புறுத்தியவரிடமே அதைத் திருப்பி ஒப்படைக்க இடம் கொடுக்கும் சட்டம் எவ்வளவு அபராதம் விதித்தாலும் பயனற்றது. பராமரிப்புச் செலவை உடைமையாளரிடமே வசூலிக்க வேண்டும். தடைக்கு முன்பிருந்தே வைத்திருப்பவர்களுக்கு அவகாசம் கொடுப்பதானால், ஒவ்வொரு விலங்கின் தோலுக்கடியிலும் அடையாளச் சில்லு பொருத்திப் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் இறந்ததன் தாள்களைக் காட்டிப் புதிதாகப் பிடித்த ஒன்றை அதே பெயரில் வைத்துக்கொள்வார்கள். இனப்பெருக்கத்தையும் அன்றே நிறுத்த வேண்டும்.

கேள்வி: புலிக்குட்டிகளைக் கையில் ஏந்திப் படமெடுத்துக்கொள்ள அனுமதிக்கும் காப்பகம் ஒன்றுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா? கட்டணம் முழுவதும் மீட்புப் பணிக்கே என்கிறார்கள்.

பதில்: வேண்டாம். உண்மையான காப்பகம் குட்டி ஈனச் செய்யாது, விற்காது, விலங்குகளைப் பார்வையாளர் தொடவும் விடாது. குட்டியைச் சில மாதங்களுக்கு மேல் கையில் ஏந்த முடியாது; ஆண்டு முழுவதும் அங்கே குட்டிகள் இருக்கின்றன என்றால், வளர்ந்தவை எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.