உயிர்ப்பு இன்றைக்கு எதற்கு?

கேள்வி: அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் மறுபடி பார்ப்போம் என்று நம்புகிறேன். சரி, அது என்றைக்கோ நடக்கப்போவது. இயேசு சாவிலிருந்து எழுந்த அந்த உயிர்ப்பு இன்றைய வாழ்க்கைக்கு என்ன தருகிறது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: நிறையத் தருகிறது அம்மா. பைபிளில், திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் 15-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் நம் நம்பிக்கையே வீண் என்று அடித்துச் சொல்கிற பவுல், 58 வசனங்கள் உயிர்ப்பைப் பற்றியே பேசி, அதனால் உங்கள் உழைப்பு வீண்போகாது, உறுதியாக இருங்கள் என்று முடிக்கிறார். அப்புறம் அடுத்த வரியிலேயே காணிக்கைப் பேச்சு! எருசலேம் மக்களுக்காக வாரத்தின் முதல் நாளில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சாவு ஜெயிக்காது என்று நம்புகிறவருக்குத்தான் பயமில்லாமல் கொடுக்க முடியும்.

ஈஸ்டருக்குக் கோவிலில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தியான பாஸ்கா திரியில் சிலுவை வடிவில் பதிக்கும் ஐந்து சாம்பிராணி மணிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை சிலுவையில் இயேசு பட்ட ஐந்து காயங்களின் அடையாளம். உயிர்த்த பிறகும் காயம் மறையவில்லை, உயிர்ப்பை நம்ப மறுத்த சீடர் தோமாவுக்கு இயேசு அதைத்தான் காட்டினார். அதனால் நீங்கள் அழுவது நம்பிக்கைக் குறைவு இல்லை. அழுங்கள். அப்பா யாருக்காவது செய்துகொண்டிருந்த உதவி பாதியில் நிற்கிறதா? அதை நீங்கள் தொடருங்கள்.