பூனாச்சிக்கு எத்தனை காம்பு?

சென்ற இதழில், பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ நாவலைப் படித்துவிட்டு மனதில் பட்டதை எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். கடிதங்கள் வந்துவிட்டன. பாராட்டைவிடத் திட்டு கொஞ்சம் தூக்கல். அதில் ஒரு பங்கு எனக்கும் இருக்கிறது. புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தப் பகுதியை எழுதும் நான் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர். சேலம், நாமக்கல் பக்கம் இருபத்தொன்பது வருடம் ஆடு மாடுகளுக்கு ஊசி போட்டவன். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் ஊரில் ‘ஆட்டு டாக்டர்’தான்.

கறுப்புக் குட்டியின் கதைக்கு ‘வெள்ளாட்டின் கதை’ என்று தலைப்பு. அட்டையிலேயே குழப்பமா?
*வாசகர், புதுச்சேரி*

அட, எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகள் போடும் புதிர் இது! வெள்ளாடு என்பது நிறமில்லை, இனம். செம்மறியாடு ஒன்று, வெள்ளாடு ஒன்று. வெள்ளாடு கறுப்பாகவும் இருக்கும், செவலையாகவும் இருக்கும். ‘சேலம் கருப்பு’ என்றே ஒரு இனம் உண்டு. சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கமெல்லாம் உடம்பு முழுக்கக் கறுத்த அந்த ஆடுகளைப் பார்க்கலாம். என். கல்யாண்ராமன் மொழிபெயர்ப்பில் இங்கே வந்த ஆங்கிலப் பதிப்பின் தலைப்பில் ‘கறுப்பு ஆடு’ என்றே போட்டுவிட்டார்கள். உங்கள் புதிர் அங்கே செல்லாது.

நாற்பது ஆடு வைத்திருக்கிறேன். ஒரே ஈற்றில் ஏழு குட்டியாம்! எழுதியவருக்கு ஆட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டாம் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டேன்.
*வாசகர், வேடசந்தூர்*

இரண்டு குட்டி வழக்கம், மூன்று மகிழ்ச்சி, நான்கு வந்தால் பக்கத்துக் காட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போவார். என் சர்வீஸில் ஒரே ஒருமுறை ஐந்து பார்த்தேன், அதில் இரண்டு அன்றைக்கே போய்விட்டது. ஏழு நான் பார்த்ததில்லை. ஆனால் அதை அதிசயமாகத்தான் நாவலும் சொல்கிறது. பகாசுரனைப் போன்ற ஒருவன் ஒரு கிழவனிடம் வந்து கையளவு குட்டியைக் கொடுத்துவிட்டுப் போவதில் தொடங்கும் கதை அது. அந்தக் குட்டிதான் பூனாச்சி. அங்கே வராத சந்தேகம் உங்களுக்கு ஏழில் வந்திருக்கிறது.

நீங்கள் மூடி வைத்த பக்கத்துக்கு அப்புறம்தான் ஆடு தெரிந்தவரின் கை தெரிகிறது. கிழவனின் மனைவியான கிழவி அந்தக் குட்டியைத் தங்கள் வீட்டு ஆடு செம்மியிடம் ஊட்ட விடுகிறாள். செம்மி சேர்ப்பதில்லை. இதை நீங்களும் செய்திருப்பீர்கள், நானும் செய்திருக்கிறேன். என் பாட்டி, குட்டி செத்த ஆட்டின் பாலைக் கறந்து அநாதைக் குட்டியின் வால் அடியில் தடவுவாள். ஆடு மோந்து பார்க்கும் இடம் அதுதான். தன் பால் வாசம் வந்தால் சில ஆடு ஏமாறும். ஏமாறாத ஆட்டை ஒருவர் கொம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் குட்டியின் வாயைக் காம்பில் வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. கை விட்டால் உதைதான்.

ஆட்டுக்குக் காம்பு இரண்டுதான் என்பது உங்களுக்குத் தெரியும், நகரத்து வாசகருக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டு காம்புக்கு ஏழு வாய். பூனாச்சி ஏழு குட்டி போடுகிற இடத்தைப் படிக்கும்போது எனக்கு அதிசயம் தோன்றவில்லை, கணக்குத்தான் ஓடியது. மீதி ஐந்துக்குப் பால் எங்கே? கிழவிக்கும் அதே கணக்கு ஓடியிருக்கும். மறுபடி திறந்து படியுங்கள், உங்களுக்குத்தான் அது நன்றாகப் புரியும்.

ஆட்டுத்தோல் போர்த்திய அரசியல் கட்டுரை. குட்டிக்குக் காது குத்திப் பதிவு செய்ய வரிசையில் நிற்கும் காட்சி செயற்கையின் உச்சம். எந்த ஊரில் நடக்கிறது இது?
*வாசகர், சென்னை*

எங்கள் ஊரில் நடக்கிறது, ஐயா.

2011இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடு இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆட்டின் காதில் ஒரு வில்லை மாட்டுவோம். ‘தோடு’ என்பார்கள் பெண்கள். காப்பீடு செய்த ஆடு செத்தால் வில்லையைக் காட்ட வேண்டும். ஒருநாள் காலை ஒன்பது மணி இருக்கும், ஓர் அம்மா மஞ்சள் பையோடு வந்து நின்றார். வாழையிலையில் பொதிந்து ஆட்டின் காதைக் கொண்டுவந்திருந்தார், வில்லையோடு. யாரோ சொல்லியிருக்கிறார்கள், காதோடு கொடுத்தால்தான் பணம் வரும் என்று. “சாமி, நம்பர் சரியாத் தெரியுதுங்களா, பாருங்க” என்றார். நம்பர் தெரிந்தது. ஒரே ஒரு இலக்கத்தில் தாளும் வில்லையும் ஒத்துப்போகவில்லை. பணம் வரவில்லை. தாளில் எழுதியவர் கையெழுத்து யாருடையது என்று இங்கே சொல்லப்போவதில்லை. என்னுடையதில்லை, அவ்வளவுதான்.

நாவலில் கறுப்பு ஆடு இருட்டில் தெரியாது என்று அதிகாரிகள் சந்தேகப்படும் இடம் நக்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் அரசாங்கத்தைப் பற்றிப் பேசும் பேச்சு சில இடங்களில் நீளம். அதையும் ஏற்கிறேன். ஆனால் வெயிலில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்கும் கிழவி செயற்கை என்றால், நான் வேலை பார்த்ததும் செயற்கைதான்.

இது பெண்ணின் கதை. ஆடு வெறும் உருவகம். சென்ற இதழில் நீங்கள் ஆட்டைப் பற்றியே எழுதி நாவலைச் சின்னதாக்கிவிட்டீர்கள்.
*கல்லூரி மாணவி, மதுரை*

கோபம் நியாயம், ஒரு சொல்லைத் தவிர. ‘வெறும்’ என்பதை எடுத்துவிடுவோமா? பூவன் என்ற கிடாய் மேல் பூனாச்சிக்கு வரும் ஆசையை நீங்கள் பெண் மனம் என்று படிக்கிறீர்கள். கிடாய்க்குக் கத்தும் ஆடு, கொண்டுவந்து நிறுத்திய கிடாயை ஒதுக்கிவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பார்ப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதைக் கட்டிப்போட்டு விடுவார்கள். அந்தக் கயிறும் நாவலில் இருக்கிறது. கிடாய்க் குட்டிக்குக் காயடிக்கும் பக்கங்களில் எனக்கு என் கையே தெரிந்தது, இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. அங்கே உருவகம் தேட எனக்குத் தெம்பில்லை.

‘மாதொருபாகன்’ பிரச்சினை இல்லாவிட்டால் இதை யார் சீண்டியிருப்பார்கள்?
*வாசகர், கோவை*

சீண்டியிருக்க மாட்டார்கள் என்பதைவிட, எழுதப்பட்டிருக்காது என்பது சரி. தன் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பியதால், 2015 ஜனவரியில் தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தவர் பெருமாள்முருகன். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, எழுது என்றது. அதே ஆண்டு வந்த நாவல் இது. மனிதரைப் பற்றி எழுத அச்சம், தெய்வத்தைப் பற்றி எழுத அதைவிட அச்சம், மாட்டையும் பன்றியையும் தொடவே கூடாது, மிச்சம் ஆடுதான் என்ற பொருளில் முன்னுரையில் சொல்கிறார். சிரித்துக்கொண்டு படித்துவிட்டு அப்புறம் சிரிப்பு நின்றுபோகும் முன்னுரை. ஆனால் பரபரப்புக்காக வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள். ஆட்டுப் புழுக்கை வாசம்தான் கிடைத்திருக்கும்.

படித்ததிலிருந்து வீட்டில் மட்டன் வேண்டாம் என்கிறாள் மனைவி. என்ன செய்வது?
*வாசகர், விருதுநகர்*

மீன் கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் பூனாச்சி கல்லாகிவிடுவது ஏமாற்று. அவ்வளவு அழ வைத்துவிட்டு, சாவை எழுதத் தைரியமில்லாமல் சிலையாக்கிவிட்டார். என் அக்காவோ அதுதான் சரியான முடிவு என்கிறாள். தீர்ப்புச் சொல்லுங்கள்.
*வாசகி, கரூர்*

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.)

முதல் முறை படித்தபோது நான் உங்கள் கட்சி. எங்கள் வீட்டில் என் மனைவி உங்கள் அக்கா கட்சி. “பாவமாப் போனதுக்கெல்லாம் கல்லு நட்டுக் கும்பிடுறது நம்ம ஊருல இல்லாததா?” என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை, ஆனாலும் ஒப்பவில்லை.

போன மாதம் இன்னொரு தடவை கடைசிப் பக்கங்களைப் படித்தேன். ஒரு பஞ்ச வருடத்தில் பார்த்த ஆடு ஞாபகம் வந்தது. நிறைசினை. தீனி கிடையாது. வயிற்றில் மூன்று குட்டி தாயைத் தின்றுகொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஆடு படுத்துவிடும். தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். கண் திறந்திருக்கும், விரலைக் கொண்டுபோனாலும் இமைக்காது. நான் ஊசியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டுக் கிழவி அதன் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மூச்சு இருக்கிறதா என்று கேட்டேன். “தெரியலைங்க, கல்லாட்டம் கெடக்குது” என்றார்.