இடைக்கால இங்கிலாந்தை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

இடைக்கால இங்கிலாந்தின், ஐரோப்பாவின் வரலாற்றையும் பண்பாட்டையும் அறிய விரும்புவதாகவும், அரசர்களின் வரிசையும் போர்களின் ஆண்டுகளும் மனத்தில் ஒட்டவில்லை என்றும், எளிய மக்களின் வாழ்க்கையை அறிந்துகொள்ள எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் காலத்தைப் பற்றி ஆர்வத்தோடு படித்து வருபவன் என்ற முறையில் நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஏதேனும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக எதற்காகச் சண்டையிட்டார்கள் என்று பாருங்கள். என்னை ஈர்த்த ஊர், லண்டனுக்கு வடக்கே சுமார் 20 மைல் தொலைவில் இருக்கும் செயின்ட் ஆல்பன்ஸ். அங்கே நடந்த சண்டை, வீட்டில் மாவரைக்கும் திருகையைப் பற்றியது.

அந்த ஊரின் நிலம், சந்தை, நீதிமன்றம் அனைத்தும் புனித பெனடிக்டின் ஒழுங்குமுறையைப் பின்பற்றிய கத்தோலிக்கத் துறவிகளின் (பெனடிக்டியர்கள்) மடாலயத்துக்குச் சொந்தமாக இருந்தன. 1077ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பட்ட அதன் பெரிய தேவாலயத்தின் சுவர்களில், அருகே சிதைந்து கிடந்த வெருலாமியம் என்னும் ரோமானிய நகரின் செங்கற்களை இன்றும் பார்க்கலாம். கல்வியிலும் ஓவியத்திலும் புகழ்பெற்ற மடாலயம் அது. பிரான்சின் அரசர் ஒன்பதாம் லூயி 1255ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசருக்கு ஒரு யானையைப் பரிசாக அனுப்பியபோது, லண்டனுக்கு வந்த அந்த யானையை வரைந்து வைத்த மேத்யூ பாரிஸ் இந்த மடாலயத்தின் துறவிதான்.

இந்த மடாலயத்தின் வருமானத்தில் மாவு ஆலைகளுக்கும் பங்கு உண்டு. அரசர் முதலாம் வில்லியமின் ஆணைப்படி 1086ஆம் ஆண்டில் நாட்டின் நிலங்களையும் உடைமைகளையும் பதிவு செய்ய எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பில் இங்கிலாந்து முழுவதும் ஏறத்தாழ 6,000 ஆலைகள் பதிவாகியுள்ளன. ஓடையைத் தடுத்துக் கால்வாய் வெட்டிச் சக்கரம் அமைப்பதற்குப் பெருஞ்செலவு பிடிக்கும் என்பதால், நிலவுடைமையாளர்கள் அதைக் கட்டிவிட்டு, தங்கள் நிலத்தில் வாழ்பவர்கள் அனைவரும் அங்கேதான் தானியத்தை அரைக்க வேண்டும் என்று விதித்தார்கள். கொண்டுவரும் தானியத்தில் ஒரு பங்கு கூலியாகப் பிடித்துக்கொள்ளப்படும். ஆற்றில் நீர் குறைந்தாலும் சக்கரம் பழுதானாலும் காத்திருக்கத்தான் வேண்டும். வீட்டு மூலையில் ஒரு திருகை இருந்துவிட்டால் இந்தக் கூலியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. நீர்ச்சக்கரம் உழைப்பை மிச்சப்படுத்திய கருவி என்று தொழில்நுட்ப வரலாறுகள் பாராட்டுகின்றன. அது உண்மைதான் என்றாலும், அந்த மிச்சம் யாருடைய களஞ்சியத்துக்குப் போயிற்று என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் காலம் நமக்குப் புரியும்.

கம்பளித் துணியைக் கெட்டிப்படுத்தும் வேலைக்கும் மடாலயம் தன் ஆலையையே விதித்திருந்தது. 1274ஆம் ஆண்டில் அரசி எலனோர் அவ்வழியே வந்தபோது, ஊர்ப் பெண்கள் கூட்டமாகத் திரண்டு மடாலயத்தைப் பற்றி அவரிடம் முறையிட முயன்றார்கள். அடுத்த பெரிய மோதல் 1327ஆம் ஆண்டில், இரண்டாம் எட்வர்ட் அரியணையிலிருந்து இறக்கப்பட்ட குழப்பத்தின்போது வந்தது. ஊர் மக்கள் மடாலயத்தை முற்றுகையிட்டுத் தங்கள் உரிமைகளை எழுத்தில் பெற்றார்கள். வீடுகளில் திருகைகள் மீண்டும் சுழன்றன.

அதே ஆண்டில் மடாதிபதியானவர் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட். கொல்லரின் மகன், சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர், ஒரு மடத்துத் தலைவரின் ஆதரவால் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று அக்காலத்தின் தலைசிறந்த கணித அறிஞர்களுள் ஒருவராக உயர்ந்தவர். அவர் வடிவமைத்த வானியல் கடிகாரம் மணியைக் காட்டியதோடு, சந்திரனின் பிறைநிலைகளையும் கிரகணங்களையும் லண்டன் பாலத்தருகே நீர்மட்டம் ஏறி இறங்குவதையும் காட்டியது. தேவாலயம் பழுதுபட்டுக் கிடக்கும்போது கடிகாரத்துக்கு இவ்வளவு செலவா என்று மூன்றாம் எட்வர்ட் கடிந்துகொண்டாராம். கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பின்வரும் மடாதிபதிகளால் முடியும், இந்தக் கடிகாரத்தை முடிக்கத் தம்மைத் தவிர எவராலும் முடியாது என்று ரிச்சர்ட் விடையளித்ததாக மடாலய வரலாறு கூறுகிறது. தொழுநோய் உடலை அரித்துக்கொண்டிருந்த நிலையிலும் பணியைத் தொடர்ந்த அவர் 1336ஆம் ஆண்டில் இறந்தார். அந்தக் கடிகாரம் பதினாறாம் நூற்றாண்டில் மடாலயம் கலைக்கப்பட்ட பின் அழிந்துபோயிற்று.

இத்தகைய அறிவாளிதான் ஊர் மக்களின் உரிமைப் பத்திரத்தைத் திரும்பப் பறித்தார். வீடுவீடாகத் திருகைகளைப் பறிமுதல் செய்து, அந்தக் கற்களைத் தம் மடாலயத்தின் வரவேற்பறைத் தரையில் பதித்தார். வழக்கு பேச வந்த எந்த ஊர்க்காரரும் தம் வீட்டுத் திருகையின் மேல் கால் வைத்துத்தான் அந்த அறைக்குள் நுழைந்திருக்க வேண்டும். இடைக்காலம் இருண்ட காலம் என்று சொல்பவர்களும், அதைக் கலையும் பக்தியும் செழித்த பொற்காலமாகப் போற்றுபவர்களும் இந்த மனிதரை முழுதாகப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். கிரகணத்தைக் கணித்த மூளையும், ஏழையின் மாவுக்கல்லைத் தரையில் பதித்த கையும் ஒருவருடையவையே. அவர் காலத்தில் இவ்விரண்டுக்கும் முரண்பாடு இருந்ததாக அவர் எண்ணியிருக்க மாட்டார்.

பிறகு கொள்ளைநோய் வந்தது. 1348ஆம் ஆண்டின் கோடையில் டோர்செட் கடற்கரையில் இறங்கிய அந்த நோய், இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையேனும் கொன்றது. செயின்ட் ஆல்பன்ஸில் மடாதிபதியும் நாற்பதுக்கும் மேற்பட்ட துறவிகளும் 1349ஆம் ஆண்டில் இறந்தார்கள். ஆள் குறைந்ததால் கூலி உயர வேண்டிய காலத்தில், அதைப் பழைய அளவிலேயே நிறுத்த 1351ஆம் ஆண்டில் சட்டம் இயற்றினார்கள். பிரெஞ்சுப் போருக்காக, 15 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் 12 பென்ஸ் என்ற கணக்கில் விதிக்கப்பட்ட தலைவரியே 1381ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாயிற்று.

அந்த ஜூன் மாதத்தில் கென்ட், எசெக்ஸ் விவசாயிகள் லண்டனுக்குள் புகுந்த செய்தி கேட்டு, செயின்ட் ஆல்பன்ஸ் மக்கள் வில்லியம் கிரின்ட்கோப் என்பவரின் தலைமையில் எழுந்தார்கள். அவர் லண்டனுக்குச் சென்று, 14 வயதே ஆன இரண்டாம் ரிச்சர்டிடமிருந்து மடாதிபதிக்கு ஒரு கடிதம் பெற்றுவந்தார். மக்கள் மடாலயச் சிறையைத் திறந்தார்கள். மடாலயத்தின் பழைய பத்திரங்களைக் கேட்டு வாங்கி எரித்தார்கள். பின்னர் வரவேற்பறைத் தரையைப் பெயர்த்துத் திருகைக் கற்களை வெளியே எடுத்து உடைத்து, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின்போது ஆசீர்வதித்த ரொட்டியைப் பங்கிட்டுக்கொள்வார்களே, அதுபோல ஆளுக்கொரு துண்டாக எடுத்துச் சென்றார்கள். கற்கள் தரையில் பதிக்கப்பட்டு அதற்குள் ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆகிவிட்டதால், அவற்றைப் பறிகொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். இங்கிலாந்தின் வரலாற்றில் இதற்கு இணையாக என்னை நெகிழச் செய்யும் நிகழ்ச்சி வேறில்லை.

கிளர்ச்சி ஒரு மாதத்துக்குள் அடங்கியது. ஜூலை 15ஆம் நாள் கிளர்ச்சிக்காரர்களுக்கு ஊக்கமூட்டிய ஜான் பால் என்னும் குருவானவர் அரசரின் முன்னிலையில் இதே ஊரில் கொல்லப்பட்டார். கிளர்ச்சியின்போது மடாலயத்திடமிருந்து பெற்ற உரிமைப் பத்திரங்களைத் திருப்பித் தரும்படி ஊராரிடம் சொல்வதற்காகப் பிணையில் விடப்பட்ட கிரின்ட்கோப், அதற்கு மாறாக உறுதியாக நிற்குமாறு அவர்களிடம் பேசினார், அவரும் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வளவையும் நமக்குச் சொல்பவர் தாமஸ் வால்சிங்காம் என்னும் துறவி. அவர் அதே மடாலயத்தைச் சேர்ந்தவர், கிளர்ச்சிக்காரர்களை மனமார வெறுத்தவர். எளிய மக்களைப் பற்றிய பெரும்பாலான சான்றுகள் இத்தகையவைதாம். நிலவுடைமையாளர்கள் நடத்திய பண்ணை நீதிமன்றங்களின் பதிவேட்டுச் சுருள்களில் குடியானவர்களின் பெயர்கள் ஆயிரக்கணக்கில் கிடைப்பதற்குக் காரணம், மகளுக்குத் திருமணம் செய்ததற்கும், விற்பனைக்கு ஏல் மது காய்ச்சியதற்கும், வரப்பைத் தாண்டி மாடு மேய்ந்ததற்கும் அவர்களிடம் பணம் வசூலித்து அதை எழுதி வைத்ததுதான். ஆகவே படிக்கும்போது, யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். பகைவரின் எழுத்திலும் கிரின்ட்கோப்பின் துணிவு மறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தைத் தாண்டிச் செல்ல விரும்பினால், அடுத்ததாகப் பிரனீஸ் மலையடிவாரத்து மோந்தய்யூ என்னும் சிற்றூரைப் படியுங்கள். பாமியே நகரின் ஆயரான ழாக் ஃபூர்னியே, 1318 முதல் 1325 வரை அப்பகுதி மக்களைச் சமய விசாரணை செய்து அவர்களின் வாக்குமூலங்களை விரிவாகப் பதிவு செய்தார். பின்னாளில் அவரே பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாண்டவரானார். கத்தோலிக்கத் திருச்சபை முரண்கொள்கையினராகக் கருதிய கதார் சமயப் பிரிவினரைக் கண்டுபிடித்து ஒடுக்குவதற்காக எழுதப்பட்ட அந்தப் பதிவேட்டில், பியேர் மோரி என்னும் இடையர் தம் ஆடுகளையும் நண்பர்களையும் மலைவழிப் பயணங்களையும் பற்றிப் பேசுகிறார். செயின்ட் ஆல்பன்ஸில் பழகிய அதே எச்சரிக்கையோடு அதைப் படித்தால், கேள்வி கேட்பவரின் அதிகாரத்தையும் பதில் சொல்பவரின் குரலையும் உங்களால் பிரித்தறிய முடியும்.