எடை கூடுது, கால் வீங்குது: அடுத்த வாரம் வரை பொறுக்காதீங்க

வணக்கம்ங்க. இதயம் பலவீனம் என்று ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அப்பாவுக்கு மூன்று நாளில் 2 கிலோ கூடியிருக்கிறது, ராத்திரி தலையணையை உயர்த்தினால்தான் தூங்குகிறார், அடுத்த வாரச் செக்கப் வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்ங்க, இன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள். அது சாப்பிட்டு ஏறிய எடை மாதிரி தெரியவில்லை, உடம்பில் நீர் தேங்குகிறது.

நான் இதய வார்டில் நர்ஸ். நாங்கள் செய்வதை நீங்களும் செய்யலாம்: கணுக்காலுக்கு மேல், முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள், குழி அப்படியே நிற்கிறதா பாருங்கள், நின்றால் நீர் தேங்கியிருக்கிறது. மூச்சை அவருக்குத் தெரியாமல் முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள், எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும். தினமும் காலையில் சிறுநீர் போனபின், சாப்பிடும் முன், அதே மெஷினில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம் அப்பாவுக்கு நீங்கள் கொடுக்கும் இளநீர். பொள்ளாச்சியில் தோப்பு இருக்கும்போது கொடுக்காமல் இருக்க மனசு வராது, புரிகிறது. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம்; அவர் போடும் ஸ்பைரனோலாக்டோன் என்ற இதய மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றும், இரண்டும் சேர்ந்தால் துடிப்பே தாறுமாறாகலாம். டாக்டரைக் கேட்கும்வரை நிறுத்துங்கள். உப்பு அதிகமுள்ள ஊறுகாய், கருவாடும் வேண்டாம். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையும் நீரைத் தேக்கும், அதுவும் வேண்டாம். நீர் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலமானால், படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.